உழைச்செல்வான்

பிணி தீர்வதற்கு வேண்டுவன எவை என்று கேட்பின், நம்மிற் பலர் மருத்துவரையும் மருந்தையும் சொல்லி அவ்வளவில் நின்றுவிடுவர். திருவள்ளுவர் அவ்வாறு நின்றாரல்லர். 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் நான்கு உறுப்புகளை எண்ணுகின்றார்: பிணியுற்றவன் ஒருவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மூன்றாவது மருந்து, நான்காவது, பிணியாளன் பக்கலில் இருந்து வேண்டுவன இயற்றும் உழைச்செல்வான். உழை என்பது பக்கம். பக்கத்தே செல்பவர் எவரோ, ஆணாயினும் பெண்ணாயினும், அவரே உழைச்செல்வார். உரைகண்ட பரிமேலழகர் இந்நான்கனுள் ஒவ்வொன்றிற்கும் நந்நான்கு இயல்புகள் கூறுமிடத்து, இவருக்குரியனவாக நோயாளிமாட்டு அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்பவற்றை வைத்தார்.

இக்குறளை வகுப்பிற் பாடங்கேட்ட சின்னாட்களிலேயே அதன் பொருளை வாழ்க்கையிற் காணும் வாய்ப்பு எமக்கு நேர்ந்தது. அந்தரத்திற் சுழன்று நிலத்தில் இறங்கும் கலையில் தேர்ந்துவந்த ஒரு சிறுமி, முழங்கால் ஊறுபட்டு ஓராண்டளவும் களத்தை விட்டு நீங்கியிருக்க நேர்ந்தது. அக்காலத்தில் அவள் பக்கலிற் செல்லும் பணி எம்மிடம் வந்தது. அதில் யாம் கண்டவற்றை இவ்விதழ் வாயிலாக நேயர்க்கு உரைக்க விழைகின்றோம். அவள் இன்னும் பள்ளி மாணவியாதலின் பெயரைக் கூறாது விடுகின்றோம்.

எம் ஊர் கள்ளக்குறிச்சி. அது 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஊரினின்று மேற்கு நோக்கிச் செல்வார்க்குக் கல்வராயன் மலை நீலச் சுவர்போலத் தோன்றும். கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை ஒட்டிச் சென்று, வளைந்து வளைந்து ஏறும் பேருந்து வெள்ளிமலையிற் கொண்டு விடும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இம்மலைமேல் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டு அவரைச் சேரநாட்டார் என மயங்கற்க. மலையை ஆள்பவர் என்பதே அதன் பொருளென்பர். அவர் பேசுவது தமிழே. சாமையும் தினையும் கேழ்வரகும் அவர் உணவு; கடுக்காய் காட்டின் வருவாய்; மரவள்ளி கழனியின் வருவாய். அம்மரவள்ளிக் கிழங்கே கீழ்நாட்டு ஜவ்வரிசி ஆலைகளுக்கு வண்டி வண்டியாக இறங்கி வருகின்றது.

யாம் கூறும் சிறுமி அம்மலையூர் ஒன்றிற் பிறந்தவள், அகவை பதினைந்து. தாய் தந்தையர் மலையில் மரவள்ளி பயிரிடுவோர். பள்ளிப் படிப்பிற்காக எம் தெருவிலுள்ள தன் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். அத்தையோ விடியுமுன் ஜவ்வரிசி ஆலைக்குச் சென்று பொழுது சாய்ந்து மீள்பவர். சிறுமி முதலிற் பயின்றது மல்லர்கம்பம். வழவழப்பான மரக்கம்பத்திலும் தொங்கும் கயிற்றிலும் உடலை வளைத்து நிறுத்தும் அக்கலைக்கு விழுப்புரம் பெயர்பெற்ற ஊர் என்பதை நேயர் பலர் அறிவர். 2022ஆம் ஆண்டு ஜூனில் அரியானாவின் பஞ்ச்குலாவில் நிகழ்ந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது இடம்பெற்றது. 2024 ஜனவரியில் அப்போட்டிகள் நம் நாட்டிலேயே நிகழ்ந்தன. மலைப் பாறைகளில் ஏறி இறங்கிப் பழகிய கால்களுக்குக் கம்பம் எளிதாயிற்று. பின்னர் ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் உடல்வித்தையின் தரைப்பயிற்சியிலும் புகுந்து, இரண்டு ஆண்டுகளிற் சான்றிதழ்கள் சில பெற்றாள். அச்சான்றிதழ்கள் அவளுக்குச் சுவரை அழகுசெய்யும் தாள்களல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தால் அவள் குடும்பத்திற் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதற் பெண் அவளாவாள். இது அவள் வீட்டார் அனைவரும் அறிந்த கணக்கு.

சென்ற ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு மாலை, தரைப்பயிற்சியில் ஒரு புரட்டலை முடித்து இறங்குகையில், அடுத்தடுத்து விரித்திருந்த இரு மெத்தைகளுக்கு இடையேயிருந்த சந்தில் அவள் வலக்கால் புகுந்தது. உடல் ஒரு பக்கம் திரும்ப, கால் திரும்பாது நின்றது. உள்ளே ஏதோ 'பட்'டென்று அறுந்த ஓசை தன் காதிற் கேட்டதென்று அவள் பின்னர்ச் சொன்னாள். இரவுக்குள் முழங்கால் பனங்காய்போல வீங்கியது.

உறவினர் கூடினர். சுளுக்கு என்றார் ஒருவர். நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டால் மூன்று நாளில் எழுந்து நடப்பாள் என்றார் மற்றொருவர். புத்தூர்க் கட்டுப் போடவேண்டும் என்றார் வேறொருவர். எவரும் தீங்கு நினைந்தாரல்லர். எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டை நாடித் தலைமுறை தலைமுறையாக மக்கள் செல்வது நாம் அறிந்ததே. ஆனால் இங்கு முறிந்தது எலும்பன்று. அரசு மருத்துவமனையிற் படமெடுத்துப் பார்த்த மருத்துவர், "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று ஊரார் மொழியிலேயே உரைத்தார்.

அந்த ஜவ்வு யாதென்று அறிந்துகொள்ளுதல் நன்று. தொடையெலும்பும் கணைக்காலெலும்பும் சந்திக்கும் முழங்காலின் நடுவே, ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சிலுவைபோல நிற்கும் தசைநார்கள் இரண்டு உள்ளன. மருத்துவ நூலார் அவற்றைச் சிலுவையின் பெயராலேயே வழங்குகின்றனர். அவற்றுள் முன்னிருப்பது, கணைக்காலெலும்பு முன்னோக்கி வழுவாமலும், முழங்கால் தகாதவாறு திருகாமலும் காக்கும். ஓடிச்சென்று சட்டென நிற்போர்க்கும், தாவி இறங்குவோர்க்கும் அதுவே உயிர்நாடி. இவ்வூறு ஆண்பிள்ளைகளினும் பெண்பிள்ளைகளுக்கு மிகுதியாக நேர்கின்றதென்பதும் ஆராய்ச்சியாளர் பலகாலும் கண்ட உண்மை. முற்றும் கிழிந்த இந்நார், தாவும் விளையாட்டிற்குத் தாங்குமளவு தானாகக் கூடுவது அரிது. ஆதலின் தொடையின் பின்புறத்தினின்று ஒரு தசைநாணை எடுத்து, எலும்பிற் சிறு துளையிட்டு, அறுந்ததன் இடத்திற் பொருத்துகின்றனர். சிறுமிக்கு மார்ச்சுத் திங்கள் இறுதியில் இவ்வறுவை நிகழ்ந்தது.

அறுவை முடிய இரண்டு மணி நேரம் ஆகவில்லை. அதன் பின் வரும் திங்கள்களே நெடியன. பயிற்சிகளைக் கற்பிக்கும் இயன்முறை மருத்துவர், "வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் நாள்தோறும் உடனிருக்க வேண்டும்" என்றார். அத்தை ஆலைக்குச் செல்லாவிடின் அன்றைய கூலி இல்லை. தாய் தந்தையர் மலையில். கோடை விடுமுறை தொடங்கி யாம் ஊர் வந்து சேர்ந்த நாள் அது. தெருவில் ஓடியாடிய நாள்தொட்டு எம்மை அக்கா என்று அழைப்பவள் அவள். இவ்வாறு, குறளிற் கண்ட நான்காம் உறுப்பு எம் பங்கிற்கு வந்தது.

பணி மிக எளிது, எளிதாதலினாலேயே கடிது. அறுவைக்குப்பின் முதற்கண் மீட்கவேண்டுவது காலை நேரே நீட்டும் ஆற்றல். குதிகாலின்கீழ்த் துணிச்சுருள் ஒன்றை வைத்து, முழங்கால் தன் எடையாலேயே தாழும்படி விட்டிருத்தல் வேண்டும். பார்ப்பவர்க்கு அவள் சும்மா படுத்திருப்பதாகவே தோன்றும். அவளுக்கோ அது கண்ணீர் வரவழைக்கும் வேதனை. அடுத்தது தொடைத்தசையை இறுக்குதல். அறுவைப்பட்ட முழங்காலைச் சுற்றியுள்ள தசை, மூளையின் கட்டளையைச் சிலகாலம் கேளாது உறங்கிவிடுகின்றது. முழங்காலின்கீழ்த் துவாலையை மடித்து வைத்து, அதனை அழுத்து என்றால், மரக்கம்பத்தின் உச்சியில் ஒரு கையால் நின்ற சிறுமிக்கு அத்துவாலையை அழுத்த இயலவில்லை. மூன்றாம் நாள் தசையில் ஒரு சிறு துடிப்புத் தோன்றியபோது அவள் சிரித்த சிரிப்பு இன்றும் எம் நினைவில் உள்ளது.

ஒவ்வொரு முறையும் ஐந்து வினாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும். பத்து முறை செய்தால் ஒரு சுற்று. நாளொன்றுக்குப் பல சுற்று. ஒன்று இரண்டு என்று எண்ணுதல் இரண்டே நாளில் அவளுக்கும் எமக்கும் சலித்தது. ஒரு குறளை அமைதியாக ஓதுவதற்கு ஏறக்குறைய ஐந்து வினாடி ஆகின்றது. அதிகாரம் ஒன்றிற்குக் குறள் பத்து. ஆகவே குறள் ஒன்றிற்கு ஓர் இறுக்கமும், அதிகாரம் ஒன்றிற்கு ஒரு சுற்றுமாக வகுத்துக்கொண்டோம். யாம் ஓத அவள் இறுக்குவாள். பின்னர் அவளே ஓதலானாள். மாலையில் ஆலையினின்று மீளும் அத்தை, மாவு படிந்த கையோடு வாயிலில் நின்று, "இன்றைக்கு எத்தனை அதிகாரம் ஆயிற்று?" என்று கேட்பார். விடுமுறை முடிவதற்குள் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும் பலமுறை கடந்து பொருட்பாலிற் புகுந்துவிட்டோம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு நாளும் வீக்கம் எவ்வளவு, கால் எவ்வளவு மடங்குகின்றது, வலி எவ்வாறு என்று குறித்தோம். தையற்காரர் நாடாவால் இரு தொடைகளையும் அளந்தோம். வலத்தொடை இடத்தொடையினும் மூன்று சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. அந்த எண்ணை அவள் நாள்தோறும் கேட்பாள். தசை வளர்வது நாளில் தெரிவதன்று. எனவே ஞாயிறுதோறும் மட்டுமே அளப்பதென்று வைத்துக்கொண்டோம். தன் பிணியைத் தான் இடையறாது உற்றுநோக்கிக்கொண்டிருத்தல் பிணியாளனுக்கு நல்லதன்று. அவ்வுற்றுநோக்கைத் தான் ஏற்றுக்கொண்டு அவனை விடுவிப்பதும் உழைச்செல்வானின் தொழிலேயாம்.

இங்கு ஒன்று கூறுதல் வேண்டும். நோயுற்றாரைக் காண வருவோர் பெரும்பாலும் இரண்டு சொற்களையே கொண்டுவருகின்றனர். ஒன்று, "ஐயோ, இனி எப்படி ஆடுவாள்!" என்பது, மற்றொன்று, "கவலைப்படாதே, சீக்கிரம் ஆடிவிடுவாய்" என்பது. முன்னது நம்பிக்கையைக் கெடுக்கின்றது. பின்னது பொறுமையைக் கெடுக்கின்றது. இரண்டுள் எது தீயது என்று கேட்பின், பின்னதே என்போம். அதற்குக் காரணம் ஆகஸ்டுத் திங்களில் விளங்கிற்று.

கல்லூரி திறந்தபின் யாம் தொலைபேசியிலும், ஊர் செல்லும் நாட்களில் நேரிலும் பணியைத் தொடர்ந்தோம். ஆகஸ்டு வந்தது, அறுவை நடந்து ஐந்து திங்கள் ஆகவில்லை. அவள் வீக்கமின்றி, வலியின்றி, நொண்டுதலின்றி நடந்தாள். மெல்ல ஓடவும் செய்தாள். அப்போது மாவட்ட அளவிலான தேர்வு நெருங்கியது. சென்ற முறை முதலிடம் பெற்றவள் அவள். "ஒரே ஒரு நாள்தான், கடினமானவற்றை விட்டு எளியன மட்டும் செய்தாற் போதும், பெயர் பட்டியலில் நின்றுவிடும்" என்று அவள்பால் அன்புடையார் சிலரே சொல்லத் தொடங்கினர். ஓராண்டு இழந்தால் சான்றிதழ் இழப்பு. சான்றிதழ் இழந்தால் கல்லூரி இழப்பு. அவர் கூறியதிற் பொய்யில்லை. சிறுமியும், "கால் நன்றாகத்தானே இருக்கிறது, அக்கா? எனக்கொன்றும் வலிக்கவில்லையே" என்றாள்.

வலியில்லை என்பதே இவ்வூற்றின் வஞ்சனை. பொருத்திய நாண், பொருத்தியவுடன் தசைநாராகிவிடுவதில்லை. தன் இடத்தினின்று எடுக்கப்பட்டமையால் அதன் உயிரணுக்கள் முதலில் மடிகின்றன. பின்னர்ப் புதிய இரத்தக்குழல்கள் உட்புகுந்து, புதிய அணுக்கள் குடியேறி, அது மெல்ல மெல்ல வேறொன்றாக மாறுகின்றது. இம்மாற்றத்தினிடையே, அறுவைக்குப் பின் சில வாரங்களில், நாண் தொடக்கத்தில் இருந்ததினும் நலிந்துபோகின்றது. வெளியே வீக்கம் வடிந்து வலி நீங்கும் காலமும், உள்ளே நாண் நலியும் காலமும் ஏறத்தாழ ஒன்றே. அதன்பின் அது வலிவு பெறுவதற்குப் பல திங்கள் செல்லும். 2016ஆம் ஆண்டு வெளியான நார்வே நாட்டு ஆராய்ச்சி ஒன்று, களத்திற்கு மீளுதலை ஒன்பது திங்கள்வரை தள்ளிவைக்கும் ஒவ்வொரு திங்களுக்கும் முழங்கால் மறுபடி ஊறுபடுதல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென்று காட்டியது. ஐந்தாம் திங்களுக்கும் ஒன்பதாம் திங்களுக்கும் இடையேயுள்ள தொலைவு எத்துணை என்பதை இதனால் உய்த்துணரலாம்.

அவளுக்கு யாம் இரு பெண்களின் வரலாற்றைக் கூறினோம். ஒருவர் திரிபுரா மாநிலத்து அகர்தலாவிற் பிறந்த தீபா கர்மாகர். தட்டையான பாதத்தோடு பிறந்து, பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தியின் துணையால் அக்குறையைக் கடந்து, 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் தாவுமேசைப் போட்டியில் 15.066 புள்ளி பெற்று நான்காம் இடத்தில் நின்றவர். வெண்கலப் பதக்கம் 0.150 புள்ளியில் தவறியது. மறு ஆண்டு, 2017இல், நம் சிறுமிக்கு அறுந்த அதே தசைநார் அவருக்கும் அறுந்து அறுவை நடந்தது. 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த காமன்வெல்த் போட்டிகளுக்கு அவர் செல்லவில்லை. 2014இல் அப்போட்டிகளிற் பதக்கம் வென்றவர், இம்முறை வீட்டிலிருந்தார். ஜூலையில் துருக்கி நாட்டு மெர்சினில் நடந்த உலகச் சவால் கோப்பைப் போட்டியிற் களம் இறங்கித் தங்கம் வென்றார். அதனோடு துன்பம் தீர்ந்ததென்று கதை கட்டற்க. அடுத்த திங்களிலேயே ஜகார்த்தாவில் அதே முழங்கால் மீண்டும் வருத்தியது. ஆயினும் 2024ஆம் ஆண்டு, முப்பது அகவையில், தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் தாவுமேசையிற் பொன் பெற்று, அவ்வெற்றியைப் பெற்ற முதல் இந்தியராய், அவ்வாண்டிலேயே விடைபெற்றார்.

மற்றவர் சோவியத்து நாட்டு எலேனா முகினா. 1978ஆம் ஆண்டு உலக வாகையர். 1979இல் கால் முறிந்தது. மாஸ்கோ ஒலிம்பிக் அடுத்த ஆண்டு. நாடே எதிர்நோக்கி நின்றது. கால் முற்றும் தேறுமுன் பயிற்சிக்கு விரைவுபடுத்தப்பட்டார். 1980 ஜூலை 3ஆம் நாள், போட்டிகள் தொடங்க இரண்டு வாரமே இருந்தபோது, மின்ஸ்க் நகரில் கடினமானதொரு புரட்டலைப் பயிலுகையிற் கழுத்து முறிந்தது. அன்றுமுதல் கைகால் இயங்காதவராய், 26 ஆண்டுகள் படுக்கையிலும் நாற்காலியிலும் வாழ்ந்து, 2006இல் மறைந்தார். அவர் பக்கலில் மருத்துவர் இருந்தனர், பயிற்சியாளர் இருந்தனர், 'இன்னும் இல்லை' என்று தடுத்து நிற்பார் ஒருவர் வலிவோடு இருந்திருப்பின் என்று நம் நெஞ்சு ஏங்குகின்றது.

சிறுமி கேட்டுக்கொண்டிருந்தாள், மறுமொழி கூறவில்லை. இறுதிச் சொல் அவள் தந்தையுடையது. கையெழுத்திடவேண்டியவர் அவரே. ஆகவே அத்தையும் சிறுமியும் யாமும் வெள்ளிமலைப் பேருந்தேறினோம். மழை பெய்து ஓய்ந்த நாள். மரவள்ளிக் கொல்லையிற் செடிகள் இடுப்பளவு நின்றன. யாம் நார்வே நாட்டு ஆராய்ச்சியையும் நாணின் மாற்றத்தையும் எம்மால் இயன்றவாறு விளக்கினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு மகளைப் பார்த்து, "குச்சியை நட்டால் பத்து நாளில் தளிர் விடுகிறது. தளிர் வந்துவிட்டதென்று யாராவது பிடுங்கிப் பார்ப்பார்களா, பாப்பா? கிழங்குக்கு ஒன்பது மாதம், பத்து மாதம் ஆகும். இதற்கும் அவ்வளவுதான் கேட்கிறார்கள்" என்றார். ஆராய்ச்சி ஆயிரம் சொற்களிற் கூறியதை மலையுழவர் நான்கு சொற்றொடரிற் கூறிவிட்டார். அவ்வாண்டுத் தேர்வுக்கு அவள் செல்லவில்லை. மீளும் பேருந்தில் அணை வரும்வரை சன்னல் பக்கம் முகம் திருப்பி அழுதாள். யாம் தேற்றவில்லை, பக்கத்தில் இருந்தோம்.

தேர்வு நாளன்று அவளை வீட்டில் விட்டிருப்பது கூடாதென்று எமக்குத் தோன்றியது. ஆனால் அவளோ தானே களத்திற்குச் செல்வதாகக் கூறினாள். தனக்குப் பதிலாக நின்ற தோழிக்குக் கையிற் பூசும் வெண்பொடியை எடுத்துக் கொடுத்தாள். மெத்தைகளை விரித்தபின் ஒவ்வோர் இணைப்பிலும் உள்ளங்கையை வைத்துத் தடவிச் சந்து இருக்கின்றதா என்று பார்த்தாள். இரண்டிடத்தில் மெத்தைகளை நெருக்கி வைக்கச் சொன்னாள். அன்று முதல் அக்களத்தில் அது அவள் வேலையாயிற்று.

உடல் தேறியபின்னும் தேற வேண்டுவது ஒன்றுண்டு. அதுதான் அச்சம். ஒன்பதாம் திங்களில் மருத்துவர் சோதித்து, வலத்தொடையின் வலிவு இடத்தொடையினதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் வந்துவிட்டதென்றும், ஒற்றைக்காலில் தாவும் தொலைவும் ஒத்திருக்கின்றதென்றும் கூறிப் படிப்படியாகப் பயிற்சிக்குச் செல்ல இசைந்தார். ஆனால் ஒரு செங்கல்லின் உயரத்தினின்று இரு காலால் இறங்கு என்றபோது அவள் நின்றுவிட்டாள். கால் இசைந்தது, நெஞ்சு இசையவில்லை. "நான் கோழையாகிவிட்டேனா, அக்கா?" என்று கேட்டாள்.

கோழைமையன்று அது. 2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், உலகம் கண்ட உடல்வித்தையர் எவரினும் மேம்பட்ட சிமோன் பைல்ஸ், அந்தரத்தில் தன் உடல் எங்குள்ளதென்னும் உணர்வை இழந்து, குழுப்போட்டியின் நடுவே விலகினார். இகழ்ந்தார் பலர். அவரோ காத்திருந்து, சில நாட்களுக்குப் பின் கட்டைமேல் நின்று வெண்கலமும், 2024இல் பாரிசில் மூன்று பொற்பதக்கங்களும் பெற்றார். அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சுதல் அறிவுடையார் தொழில் என்பதன்றோ நம் முன்னோர் துணிபு? ஆகவே அவளது அச்சத்தை இகழாமலும் புகழாமலும், ஒரு செங்கல்லை எடுத்துவிட்டு வெறுந்தரையிலிருந்தே தொடங்கினோம். அவள் இறங்குகையில் முழங்கால் உட்பக்கம் சாய்கின்றதா என்று கைப்பேசியிற் படம்பிடித்துக் காட்டுவது எம் வேலை. வெறுந்தரை, ஒரு செங்கல், இரண்டு செங்கல், ஒரு படி என்று ஏறுவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று.

இவ்வாண்டு பிப்ரவரியில், அறுவை நடந்து பதினோராம் திங்களில், பார்வையாளர் ஒருவருமில்லாத ஒரு காலைப்பொழுதில், அவள் தரைப்பயிற்சியை முழுமையாகச் செய்து முடித்தாள். கைதட்டல் இல்லை, பதக்கம் இல்லை. இறங்குகையில் ஒருமுறை தடுமாறினாள், வீழ்ந்தாளல்லள். அடுத்த தேர்வில் அவள் வெல்வாளா, கல்லூரி இடம் கிடைக்குமா என்பன இனி வரவேண்டியவை. இழந்த ஓராண்டுச் சான்றிதழ் இழந்ததேயாம். அதனை யாம் மறைக்கவில்லை. ஆனால் நாற்பது அகவையில் படியேறவும், கழனியில் இறங்கவும், தன் பிள்ளையைத் தூக்கவும் வேண்டிய ஒரு முழங்கால் அவளுக்கு இருக்கின்றது. ஒரு சான்றிதழுக்கும் ஒரு முழங்காலுக்கும் இடையே நின்று தேர்ந்தெடுக்கும் கொடிய நிலை, செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இத்துணைக் கூர்மையாக வருவதில்லை என்பதையும் ஈண்டுக் குறிக்காமல் விடற்கில்லை. களத்தில் ஊறுபட்ட பிள்ளைகளுக்கு அவ்வோராண்டைக் கணக்கிற் கொள்ளாது இடம் காத்துவைக்கும் ஏற்பாடு இருப்பின், பலர் விரைந்து வீழமாட்டார்.

மாணவ நேயர்காள்! நம் கல்லூரிக் களங்களில் ஆண்டுதோறும் எத்தனையோ முழங்கால்களும் கணுக்கால்களும் தோள்களும் ஊறுபடுகின்றன. ஆடும்போது சூழ நின்று ஆர்ப்பரிக்கும் நாம், மாவுக்கட்டோடு விடுதி அறையிற் கிடப்பவரை இரண்டாம் வாரத்தில் மறந்துவிடுகின்றோம். பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் கிடந்த ஒருவனைப் பற்றி யோவான் எழுதிய சுவிசேஷத்திற் படிக்கின்றோம். தண்ணீர் அருகிலிருந்தது, அதில் இறக்கிவிடுவதற்கு ஒரு மனிதன் இல்லை என்பதே அவன் முறையீடு. மருந்து கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் நான்காம் உறுப்பு இல்லாமையால் கழிந்த ஆண்டுகள் அவை.

உழைச்செல்வதற்குப் பெரும் புலமை வேண்டா. விடுதி அறையிற் கிடப்பவர்க்கு வகுப்புக் குறிப்பை எழுதிக் கொண்டு செல்லுங்கள். ஐஸ் கட்டியை எடுத்துக் கொடுங்கள். இயன்முறை மருத்துவர் சொன்ன பத்தைப் பத்தாகவே எண்ணுங்கள். அன்பினால் எட்டாகக் குறைக்கவும் வேண்டா, ஆர்வத்தினாற் பன்னிரண்டாக்கவும் வேண்டா. எப்போது ஆடுவாய் என்று கேட்பதை விட்டு, இன்று எவ்வளவு மடங்கிற்று என்று கேளுங்கள். ஆடவேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லும் நாளில், இன்னும் இல்லை என்று மெல்லச் சொல்லும் ஒரு குரலாக அவர் அருகே இருங்கள். பரிமேலழகர் எண்ணிய அன்பும் தூய்மையும் வன்மையும் அறிவும் இவ்வளவிலேயே பழகி வரும்.

அச்சிறுமி இப்போது பொருட்பாலின் நட்பு அதிகாரத்தில் நிற்கின்றாள். தொடைப்பயிற்சி இன்னும் ஓராண்டு விடாது செய்யவேண்டுமென்று மருத்துவர் கூறியுள்ளமையால், காமத்துப்பாலையும் முடித்துவிடலாம் என்று அவள் அத்தை நகைக்கின்றார்.